நான் கிளம்பும் முன்பே பிறந்த பேத்தி

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலை. "பிரசவத்துக்கு நீ வந்துதான் ஆகணும்மா" என்று பெண் ஃபோனில் அழுகிறாளாம். இந்த அம்மாளுக்கு வயது அறுபது. சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. இதுவரை அதிக தூரம் போனது காசிக்குத்தான், அதுவும் ரயிலில். "சென்னையிலிருந்து அந்த ஊர் எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும்? என் உடம்பு தாங்குமா? எப்போது கிளம்பினால் சரியாக இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. இதே பிரயாணத்தை 2018-ல் ஆவணி மாதத்தில் நான் செய்தேன். தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று எல்லாம் விசாரித்து, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். அப்படியும் இரண்டு இடத்தில் கோட்டை விட்டேன். ஒன்று என் உடம்பு விஷயம். இன்னொன்று, பெண் வலியில் துடித்தபோது பக்கத்தில் இல்லாமல் போனது. அதனால் இந்த இதழில் சமையல் குறிப்பு இல்லை, சகோதரிகளே. இதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் தூரம். என் அண்ணன் பேரன் ஏழாவது படிக்கிறான். அவனிடம் ஒரு பூகோள உருண்டை இருக்கிறது. "பாட்டி, சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்து தூரம் சொல்லக்கூடாது, உருண்டையில்தான் பார்க்கணும்" என்றான். நான் பூக்கட்டும் நூலை எடுத்து வந்தேன். ஒரு நுனியைச் சென்னையில் வைத்து அழுத்திக்கொண்டு, மறுநுனியைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து விறைப்பாக இழுத்தோம். நூல் எங்கே போனது தெரியுமா? நான் நினைத்த மாதிரி கடல் மேலே கிழக்கே போகவில்லை. நேரே வடக்கே ஏறி, எவரெஸ்ட் சிகரத்துக்குப் பக்கமாகப் போய், திபெத், மங்கோலியா, சைபீரியா என்று பனிப்பிரதேசமெல்லாம் தாண்டி, அலாஸ்கா வழியாகக் கீழே இறங்குகிறது! நீங்களும் ஒரு பந்தை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள், குழந்தைகளுக்கும் வேடிக்கையாக இருக்கும்.

அந்த நூல் கணக்குப்படி தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் பத்துத் தடவை போய்த் திரும்பினால் எவ்வளவோ, அவ்வளவு. பூமியில் எந்த இரண்டு ஊரை எடுத்துக்கொண்டாலும் குறுக்குவழியில் 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் கிடையாது. அப்படியென்றால் நம் பெண்கள் எவ்வளவு தூரத்தில் போய்க் குடித்தனம் செய்கிறார்கள் பாருங்கள்.

ஆனால் விமானம் நூல் போன வழியில் போவதில்லை. திபெத் மேடு மிக உயரம். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துபோனால் உடனே கீழே 10,000 அடி உயரத்துக்கு இறங்க வேண்டும். அங்கே மலையே அதைவிட உயரமாக நிற்கிறது. அதனால் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். தவிர, நான் போனபோது சென்னையிலிருந்து நேரே போகிற விமானமும் இல்லை. நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏற வேண்டும்.

நான் போனது சிங்கப்பூர் வழி. சென்னை - சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர், சிங்கப்பூர் - சான் பிரான்சிஸ்கோ 13,600 கிலோமீட்டர். ஆக 16,500. மேற்கே துபாய் வழியாகப் போனால் ஏறக்குறைய 16,000. ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் 16,700. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கணக்கு அநேகமாக ஒன்றுதான். அந்த ஊர் நமக்கு உலகத்தின் மறுபக்கத்தில் இருப்பதால் இப்படி. ஆகவே "எந்த வழி கிட்டம்?" என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எந்த வழியில் காத்திருக்கும் நேரம் சௌகரியமாக இருக்கிறது, எந்த வழியில் துணைக்கு ஆள் கிடைக்கிறது என்று பாருங்கள்.

பெரிய விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். தூரத்தை 900-ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் முக்கால் மணி சேர்த்துக்கொண்டால் உத்தேசமாக நேரம் வந்துவிடும். சிங்கப்பூருக்கு 4 மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து 15 மணியும் கொஞ்சமும். கிழக்கே போகும்போது மேலே அடிக்கிற பலமான காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு போகிறது. திரும்பி வரும்போது அதே காற்று எதிர்த்து அடிக்கும். எனக்குத் திரும்பி வர அதே தூரத்துக்கு 17 மணி ஆனது. போகும்போது நாலு பேர் தள்ளிவிட்ட வண்டி, வரும்போது மேட்டில் ஏறுகிற மாதிரி.

இங்கே ஒரு சந்தோஷச் செய்தி சொல்லாமல் போக மனசு வரவில்லை. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நடுவில் எங்கும் இறங்காமல் பெங்களூருக்கு வந்தது. 9-ந் தேதி இரவு கிளம்பி, 11-ந் தேதி விடியற்காலை வந்து இறங்கியது. ஓட்டியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். தலைமை விமானி ஜோயா அகர்வால். குறுக்குக் கணக்கில் 14,000 கிலோமீட்டர் என்றாலும் வட துருவத்தின் மேலாகச் சுற்றிக்கொண்டு சுமார் 16,000 கிலோமீட்டர் பறந்து, 17 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அடுப்படியில் கூட்டுக்குத் தாளித்துக்கொண்டே அந்தச் செய்தியைக் கேட்டேன். கடுகு கருகிப் போனதுதான் மிச்சம்! இந்த மாதிரி நேர் விமானங்கள் ஒரு வருஷம் இருக்கும், ஒரு வருஷம் இருக்காது. டிக்கெட் எடுக்கும் சமயத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி செப்டம்பர் கடைசி வாரம். முதலில் எனக்கு ஆகஸ்ட் கடைசியில்தான் டிக்கெட் போட்டிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து என் தம்பி பெண்ணுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். "அத்தை இல்லாமல் எப்படி?" என்று தம்பி கேட்டான். நானும் நாள் எண்ணிப் பார்த்தேன். கல்யாணம் முடிந்து கிளம்பினாலும் பிரசவத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேலே இருக்கிறது. "தலைப்பிரசவம் தள்ளித்தான் போகும்" என்று பெரியவர்கள் வேறு சொன்னார்கள். பணம் கட்டித் தேதியை மாற்றினோம். "பரவாயில்லம்மா, கல்யாணத்தை முடிச்சுட்டே வா" என்றாள் என் பெண். அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்ததை நான் கவனித்தேன். கவனித்தும் மாற்றினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 7 மணிக்கு மாம்பலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். விமானம் 11.30-க்கு. எங்க வீட்டுக்காரர் வாசல்வரை வந்து, "மாத்திரை கைப்பையில்தானே இருக்கு?" என்று மூன்று தடவை கேட்டார். மாத்திரை இருந்தது. தின்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

அது எப்படி என்றால், அந்த வருஷம் ஜூன் கடைசியிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேல் பொடி கொண்டுபோனால் தனியாகச் சோதிப்பார்கள், வேண்டாமென்றால் எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்று ஒரு விதி வந்திருந்தது. "பருப்புப் பொடி, அங்காயப் பொடி எல்லாம் பெரிய பெட்டியில் வச்சுடும்மா" என்று பெண் சொன்னாள். அவள் சொன்னது பொடியை. நானோ பயந்துபோய்ப் பொரிவிளங்காய் உருண்டை, பிஸ்கட், வறுத்த கடலை என்று வாயில் போடக்கூடியது அத்தனையையும் பெரிய பெட்டிக்குள் திணித்துவிட்டேன். பெட்டி விமானத்தின் வயிற்றில். நான் மேலே.

சிங்கப்பூரில் இறங்கியபோது அங்கே காலை 6 மணி. நம் ஊரில் அப்போது இரவு 3.30. கண்ணாடிச் சுவர் வழியாக வெளுக்கிறது தெரிந்தது. விடிந்துவிட்டதே, காலை மாத்திரை போட வேண்டுமே என்று ஒரு நினைப்பு. நாற்பது வருஷப் பழக்கம்: சூரியனைப் பார்த்தால் காபி, காபிக்கு முன்னால் மாத்திரை. பால் காபி மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, 'விமானத்தில் ஏறினதும் டிபன் கொடுப்பார்கள்' என்ற தைரியத்தில் 8 மணி சுமாருக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். ராத்திரி விமானத்தில் கொடுத்த சாப்பாட்டையும் வேண்டாமென்று சொல்லியிருந்தேன். கடைசியாகச் சாப்பிட்டது வீட்டுத் தோசைதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விமானம் 9.15-க்குக் கிளம்பியது. டிபன் வரவில்லை. மேலே ஏறி, சமமாகி, வண்டி தள்ளிக்கொண்டு வர 10.30 ஆகிவிட்டது. அதற்குள் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதுகெல்லாம் வேர்வை. எதிரே இருந்த எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. பயமா, பசியா என்று புரியவில்லை. பக்கத்தில் ஒரு சீனத்துப் பாட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. என் கையைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்திருக்கும் போலிருக்கிறது. சட்டென்று தன் பையைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்துக் காகிதத்தை உரித்து என் வாயிலேயே போட்டுவிட்டு, மேலே இருந்த மணியை அழுத்தினார். பணிப்பெண் ஓடிவந்து ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தாள். கால்மணியில் தெளிந்துவிட்டேன். பிற்பாடுதான் கைஜாடையில் தெரிந்தது, அந்தப் பாட்டியும் மகள் பிரசவத்துக்குத்தான் போகிறார். வயிற்றைத் தொட்டுக் காட்டி இரண்டு பேரும் சிரித்தோம்.

ஊர் திரும்பியதும் என் டாக்டரம்மா நன்றாகக் கோபித்துக்கொண்டார். சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பாடு தாமதமானால் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும், இன்சுலினும் அப்படித்தான். அது சாப்பாட்டோடு சேர்ந்தது, சூரியனோடு சேர்ந்தது அல்ல. "தட்டு கண்ணுக்கு முன்னால் வந்த பிறகுதான் மாத்திரை" என்றார். எனக்கு அவர் சொன்ன முறை: போய்ச் சேரும்வரை கையில் ஒரு கடிகாரம் சென்னை நேரத்திலேயே இருக்கட்டும், அதன்படி மாத்திரை, அங்கே போய் முதல் முழுச் சாப்பாட்டிலிருந்து அந்த ஊர் நேரம். இது எனக்குச் சொன்னது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், ரத்த அழுத்தம், இருதயம் என்று வேறு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கணக்கு வேறு. திருச்சி சகோதரி, விமானம் கிளம்பும் நேரம், இறங்கும் நேரம், நடுவில் காத்திருக்கும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி உங்கள் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். "அமெரிக்கா போறேன்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன தெரியும்? மருந்துகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது, உறைந்து கெட்டுப்போகலாம். கைப்பையில் பிஸ்கட்டும் நாலு மிட்டாயும் கட்டாயம். சைவச் சாப்பாடா, சர்க்கரைக்காரர் சாப்பாடா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி வைக்க வேண்டும்.

முழங்கால் வலி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வலியைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்தால், காலில் ரத்தம் தேங்கிச் சிலருக்கு உள்ளே உறைந்து கட்டியாகிவிடும். அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. பதினைந்து மணி நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் நடைபாதை ஓரத்து இருக்கையாகக் கேட்டு வாங்கி, விழித்திருக்கும்போதெல்லாம் மணிக்கு ஒரு தரம் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலை ஊன்றி விரலைத் தூக்குவது, விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி இருபது தடவை செய்யலாம். இரண்டு பாதமும் லேசாக வீங்குவது பலருக்கும் சகஜம், ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, போய் இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருப்பவர்களுக்கும் இந்த உறைவு சீக்கிரம் வரும் என்பதை இளம் தாய்மார்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கமான காலுறை டாக்டர் சொன்னால் மட்டும், அவர் சொன்ன அளவில்.

விமானத்துக்குள் காற்று, மலைமேல் இருக்கிற மாதிரி. ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஊட்டி ஈரம் கிடையாது. காற்று வறவறவென்று இருக்கும். உதடு வெடிக்கும், வயிறு உப்பும். தண்ணீர் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பாத்ரூம் போக வேண்டுமே என்று குடிக்காமல் இருக்கும் நம் பெண்களின் வழக்கம் இங்கே உதவாது. போனால் நடந்த மாதிரியும் ஆயிற்று! கைக்குழந்தையோடு போகும் தாய்மார்கள், விமானம் இறங்க ஆரம்பிக்கும்போது குழந்தைக்குப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காதடைப்பு விடும், அழுகை குறையும். சில விமானங்களில் எதிர்ச்சுவரில் மாட்டுகிற தொட்டில் உண்டு. முன்கூட்டிச் சொன்னால்தான் கிடைக்கும்.

சரி, என் கதை பாதியில் நிற்கிறது.

ஜூஸ் குடித்து, சாப்பிட்டு, அசந்து தூங்கிப்போனேன். ஜன்னலில் இருட்டி, மறுபடி வெளுத்தது. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியபோது அங்கே காலை 9.30. என்ன கிழமை தெரியுமா? அதே புதன்கிழமை! சிங்கப்பூரில் புதன் காலை 9.15-க்குக் கிளம்பி, பதினைந்தேகால் மணி நேரம் பறந்து, புதன் காலை 9.30-க்கு இறங்கினேன். பசிபிக் கடலின் நடுவில் தேதிக்கோடு என்று ஒன்று இருக்கிறது. கிழக்கே போகிறவர்கள் அதைத் தாண்டும்போது நாட்காட்டியில் ஒரு நாள் பின்னால் போகிறது. ஒரே புதன்கிழமைக்கு இரண்டு விடியல் பார்த்தேன். கூட்டிப் பார்த்தால் எனக்கு அந்தப் புதன்கிழமை முப்பத்தாறரை மணி நேரம் நீண்டிருக்கிறது. திரும்பி வரும்போது வட்டியோடு பிடுங்கிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

வெளியே வந்தால் மாப்பிள்ளை நிற்கிறார். முகச்சவரம் இல்லை, கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. அங்கே பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தைக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே எண் போட்டுப் பட்டை கட்டுவார்களாம். எனக்கு அது தெரியாது. ஆனாலும் அந்தப் பட்டையைப் பார்த்ததும் வயிற்றில் என்னவோ செய்தது.

"அத்தை, பெண் குழந்தை. நேத்து ராத்திரி 9.40-க்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார்.

நேற்று ராத்திரி என்றால் செவ்வாய்க்கிழமை. நான் சென்னையில் விமானம் ஏறியதும் செவ்வாய்க்கிழமை ராத்திரிதான், 11.30. அப்படியானால் நான் கிளம்புவதற்கு முன்னாலேயே குழந்தை பிறந்துவிட்டதா? எனக்குத் தலை சுற்றியது. காரில் போகும்போது மாப்பிள்ளை கணக்குப் போட்டுச் சொன்னார். கோடையில் அந்த ஊர் நேரம் நம் நேரத்துக்குப் பன்னிரண்டரை மணி பின்னால். அங்கே செவ்வாய் இரவு 9.40 என்றால் நம் ஊரில் புதன் காலை 10.10. நான் கிளம்பி 10 மணி 40 நிமிஷம் கழித்துத்தான் பிறந்திருக்கிறாள். கடலுக்கு மேலே வாயைத் திறந்துகொண்டு நான் தூங்கிக்கொண்டிருந்த நேரம். இங்கே மாம்பலத்தில் எங்க வீட்டுக்காரர் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கல்கண்டு கொடுத்து முடித்துவிட்டார். உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு பாட்டிக்குத்தான் கடைசியில் தெரிந்தது!

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறைக்குள் நுழைந்தபோது அங்கே உச்சிவேளை 12 மணி. மாம்பலத்தில் வாசற்படி தாண்டி இருபத்தொன்பதரை மணி ஆகியிருந்தது. எனக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும்போல இருந்தது. பெண் என்னைப் பார்த்தாள். "வந்துட்டியாம்மா. தலையைப் பின்னி விடேன்" என்றாள். அவ்வளவுதான். பின்னி விட்டேன்.

பிரசவ சமயத்தில் பெண் என்ன கேட்டாள் என்று அன்று மாலை மாப்பிள்ளையிடம் விசாரித்தேன். "அம்மா எங்க வராங்கன்னு படத்துல பாருங்கன்னு சொல்லிட்டே இருந்தா" என்றார். விமானம் எங்கே பறக்கிறது என்று ஃபோனில் பார்க்கலாம் அல்லவா? வலிக்கு நடுவில் அந்தச் சின்ன விமானப் பொம்மை நகருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் ஆகஸ்டிலேயே போயிருந்தால் படத்தைப் பார்க்க வேண்டிய வேலை அவளுக்கு இருந்திருக்காது. தம்பி பெண் கல்யாணத்தில் என் சாப்பாட்டு இலைக்கு எதிரே உட்கார்ந்தவர் யார் என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

ஆகவே, எப்போது கிளம்புவது என்ற கேள்விக்கு என் பதில்: முப்பத்தாறாவது வாரத்துக்குள் நீங்கள் அந்த ஊரில் இருக்க வேண்டும். டாக்டர் சொல்லும் தேதி ஒரு உத்தேசம்தான். முப்பத்தேழு வாரம் முடிந்தால் எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம். நீங்கள் போய்ச் சேர்ந்தாலும் முதல் ஒரு வாரம் உங்களால் யாருக்கும் உபயோகம் இருக்காது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகல் இரவாகி, இரவு பகலாகிவிடும். உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் புது ஊருக்கு ஒத்துவரும் என்பார்கள். எனக்குப் பத்து நாளாயிற்று. பகலில் வெளிச்சத்தில் நடங்கள், மத்தியானம் அரைமணிக்கு மேல் படுக்காதீர்கள்.

ஒருவேளை பெண்ணை இங்கே வரவழைத்துப் பிரசவம் பார்க்கலாமா என்று யோசித்தால், அதற்கும் காலம் உண்டு. பெரும்பாலான விமானக் கம்பெனிகள் இருபத்தெட்டு வாரத்துக்கு மேல் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்கும். முப்பத்தாறு வாரத்துக்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள்.

பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் கொண்டுபோக வேண்டாம், அங்கே எடுத்துவிடுவார்கள். உலர்ந்த சுக்கு, திப்பிலி, பொடி வகைகளைப் பெரிய பெட்டியில் வைத்து, பேர் எழுதி ஒட்டி, இறங்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முழங்கால் வலிக்குச் சக்கர நாற்காலி கேட்டு வாங்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. நடக்க முடிகிறவர்களும் வரிசைக்குப் பயந்து அதில் ஏறிக்கொள்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜாதகம் பற்றி யாராவது கேட்பார்கள் என்று தெரியும். எண்பத்தெட்டு வயது என் மாமனார் அன்றைக்கே பஞ்சாங்கத்தைப் பிரித்துவிட்டார். "நட்சத்திரத்துக்கு நம்ம நேரத்துக்கு மாத்திப் பாத்தா போதும், சந்திரன் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். லக்னம்தான் ஊருக்கு ஊர் மாறும், அதுக்கு அந்த ஊர் கணக்கு வேணும்" என்றார். கூடவே, "அவங்க கோடையிலே கடிகாரத்தை ஒரு மணி முன்னாலே தள்ளி வைப்பாங்களாமே, அதைக் கழிச்சாச்சா?" என்றும் கேட்டார். மார்ச்சிலிருந்து நவம்பர் ஆரம்பம் வரை அப்படித்தான். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பதின்மூன்றரை மணி வித்தியாசம் ஆகிவிடும். இந்த ஒரு மணியை விட்டுவிட்டு ஜாதகம் கணித்தவர்கள் நிறையப் பேர்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி 2 மணிக்கு எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. என் உடம்புக்கு அது மத்தியானம் இரண்டரை மணி. கூடத்தில் குழந்தை சிணுங்கியது. அதற்கும் ராத்திரி எது, பகல் எது என்று தெரியாது. பெண் எழுந்து வந்தாள், பால் கொடுத்தாள், சாய்ந்த இடத்திலேயே கண்ணை மூடினாள். நான் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டிக்கொண்டே ஜன்னல் ஓரமாக நடந்தேன். விடிய விடிய இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. பெண் மட்டும் காலை 7 மணிவரை நன்றாகத் தூங்கினாள். பத்து நாளும் அப்படியே நடந்தது.

திருச்சி சகோதரி, டிக்கெட் தேதி முடிவானதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். பொரிவிளங்காய் உருண்டை ஆறு போதும், கைப்பையில்.